‘312 வைரஸ்’ என்று கம்ப்யூட்டர் அலறினால்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை நான் ஷட்டரைத் தூக்க வரும்போதே ஒரு அச்சக முதலாளி கடை வாசலில் நின்றிருந்தார். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் சிபியு. சிவகாசியில் ஐப்பசி என்றால் காலண்டர் வேலை தலைக்கு மேல் ஓடும். அந்த நேரத்தில் டிசைன் போடுகிற மெஷினையே கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் பெரிய விஷயம்தான் என்று நினைத்தேன்.

“தம்பி, 312 வைரஸாம். ராத்திரி பூரா கத்துது. பயந்துபோய் பிளக்கைப் புடுங்கிட்டேன்” என்றார்.

மேசையில் வைத்து ஆன் செய்து நெட் கேபிளைச் செருகினேன். ஒரே நிமிடத்தில் வலது மூலையில் பெட்டி எட்டிப் பார்த்தது. பிரபலமான ஒரு ஆன்டிவைரஸின் கேடயப் படம், ‘சந்தா முடிந்தது, 312 வைரஸ்கள், உடனே புதுப்பிக்கவும்’ என்று ஆங்கிலத்தில் சிவப்பெழுத்து. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் குரோம் என்றும், கூடவே வாயில் நுழையாத ஒரு இணைய முகவரியும் இருந்தன. அந்த மெஷினில் அந்த ஆன்டிவைரஸ் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. விண்டோஸ் போட்டுக் கொடுத்தவனே நான்தான். இரண்டு நிமிடத்தில் அடக்கிவிட்டேன். அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. “ஃபார்மட் பண்ண வேண்டாமா?” என்று மூன்று தடவை கேட்டார்.

2006இல் கடை போட்ட நாளிலிருந்து இந்த டுபாக்கூர் ஆன்டிவைரஸ் கேஸ்களை எத்தனையோ பார்த்தாயிற்று. இவற்றை நான் மூன்றாகப் பிரித்துத்தான் பார்ப்பேன். பிரவுசருக்குள் இருந்துகொண்டு கத்துவது ஒன்று. விண்டோஸுக்குள்ளேயே குடியேறிக் கத்துவது இன்னொன்று. நம்மையே போன் போட வைத்து, மறுமுனையில் ஆள் உட்கார்ந்து பேசுவது மூன்றாவது. திரையில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கையை வைத்தால், மூலையில் வந்த ஒரு பெட்டிக்காக முழு மெஷினையும் ஃபார்மட் அடித்து, சீசன் நேரத்தில் நாலு வருட டிசைன் ஃபைலைத் தொலைக்க நேரும். அப்படித் தொலைத்தவர்களும் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

அசலா, டுபாக்கூரா?

முதல் கேள்வி: இதை நான் போட்டேனா? வீட்டில் வேறு யாராவது போட்டார்களா? யாருமே போடாத ஆன்டிவைரஸ் தானாக வந்து ஸ்கேன் செய்கிறது என்றால், அதோடு பாதிச் சந்தேகம் தீர்ந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. அது காசு கேட்காது. வைரஸைப் பிடித்தால் மூலையில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். சைரன் ஊதாது, நிமிடக் கணக்கைத் தலைகீழாக எண்ணாது.

இரண்டாவது, பொய்க்கு ஒரு வேகம் உண்டு. அசல் ஆன்டிவைரஸ் ஒரு ஹார்ட் டிஸ்க்கை முழுதாகத் தேட மணிக்கணக்கில் ஆகும். டுபாக்கூர் அதை இருபது நொடியில் முடித்துவிட்டு முந்நூறு வைரஸ் என்கிறது. 2009 வாக்கில் இணையத்தில் ஒரு பக்கம் திரிந்தது. திறந்தால் விண்டோஸ் எக்ஸ்பியின் மை கம்ப்யூட்டர் ஜன்னல் போலவே படம் காட்டி, சி டிரைவ், டி டிரைவ் என்று ‘ஸ்கேன்’ ஓடும். நான் அதை, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்கிற வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்த என் மெஷினில் திறந்தேன். உபுண்டுவில் சி டிரைவே கிடையாது. அந்தப் பக்கமோ இல்லாத சி டிரைவில் இருநூற்றுச் சொச்சம் வைரஸைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் வாயால் விளக்குவதை விட்டுவிட்டு அந்த மெஷினில் திறந்து காட்ட ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்துப் பெயர்களைச் சொன்னால் பழைய ஆட்களுக்கு ஞாபகம் வரும்: வின்ஃபிக்ஸர், ஆன்டிவைரஸ் 2009, ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008, செக்யூரிட்டி டூல். வின்ஃபிக்ஸரையும் எக்ஸ்பி ஆன்டிவைரஸையும் விற்ற கூட்டத்தின் மேல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்று நிறுவனப் பெயர், உக்ரைனின் கீவ் நகரத்தில் வேலைக்கு ஆள் வைத்து நடத்தினார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் ஏமாந்ததாகக் கமிஷன் சொன்னது. 2012இல் நீதிமன்றம் 16.3 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஏதோ நாலு பையன்கள் விளையாட்டாகச் செய்கிற வேலை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆபீஸ், சம்பளம், கஸ்டமர் கேர் எல்லாம் வைத்து நடக்கிற வியாபாரம் இது.

சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால் இரண்டு சோதனைகள். ஒன்று, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து கீழே செட்டிங்ஸ், அதில் மேனேஜ் புரவைடர்ஸ் என்று போங்கள். விண்டோஸிடம் முறையாகப் பதிவு செய்த ஆன்டிவைரஸ்களின் பெயர் அங்கே இருக்கும். கத்துகிற ஆளின் பெயர் அங்கே இல்லையென்றால் சந்தேகப்படலாம். இரண்டாவது சோதனை எனக்குப் பிடித்தது. ஐகார் என்று 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பு உண்டு. ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே பொதுவில் வைத்திருப்பது, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஐகார் அமைப்பின் தளத்திலேயே கிடைக்கும். அசல் ஆன்டிவைரஸ் அதைச் சேமித்த கையோடு பிடித்துக்கொள்ளும். முந்நூறு வைரஸைக் கண்டுபிடித்த டுபாக்கூர் இதைக் கண்டுகொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிரவுசருக்குள் இருந்தால்

இப்போதெல்லாம் கடைக்கு வருவதில் இதுதான் அதிகம். இதிலும் இரண்டு ரகம். முதலாவது, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, மவுஸைக் காணாமல் அடித்து, ‘கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது’ என்று குரல் கொடுக்கிற பக்கம். பூட்டு ஒன்றும் கிடையாது, அது வெறும் வெப் பக்கம். எஸ்கேப் கீயை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் ஆல்ட்டும் எஃப்4உம். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்டு டாஸ்க் கொடுங்கள். அந்தப் பக்கத்துக்குள் இருக்கிற பெருக்கல் குறியையோ கேன்சல் பட்டனையோ தொடாதீர்கள். அந்தப் பெருக்கல் குறியும் படத்தோடு சேர்த்து வரைந்ததுதான்.

மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்கும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழக்கதோஷத்தில் ரீஸ்டோர் கொடுத்தால் அதே சைரன் திரும்ப வரும். வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

இரண்டாவது ரகம் அண்ணாச்சிக்கு வந்தது, நோட்டிஃபிகேஷன். படம் பார்க்கவோ ஃபாண்ட் இறக்கவோ ஏதாவது தளத்துக்குப் போயிருப்பார்கள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் கொடுக்கவும்’ என்று ஒரு பெட்டி வந்திருக்கும். கொடுத்த அந்த ஒரு அலவ்தான் ராத்திரி பூரா கத்துவதற்கான லைசென்ஸ். அண்ணாச்சியின் டிசைனர் பையன் தமிழ் ஃபாண்ட் தேடிப்போன இடத்தில் கொடுத்திருந்தான்.

குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் ரிமூவ் செய்யுங்கள். எட்ஜ் பிரவுசரிலும் கிட்டத்தட்ட இதே வழிதான். அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கேட்கவே கூடாது என்று ஒரு தேர்வு இருக்கிறது. என் கடையை விட்டு வெளியே போகிற எல்லா மெஷினிலும் அதைப் போட்டுத்தான் அனுப்புகிறேன். இதுவரை ஒருவரும் திரும்பி வந்து எனக்கு நோட்டிஃபிகேஷன் வரவில்லையே என்று கேட்டதில்லை.

அப்புறம் பிரவுசரோடு கூடுதலாக ஒட்டிக்கொள்கிற குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நீங்கள் போடாத எதுவும் அங்கே இருக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான், மெஷின் சுத்தம்.

விண்டோஸுக்குள் குடியேறியிருந்தால்

பிரவுசரை மூடிய பிறகும், நெட் கேபிளைப் பிடுங்கிய பிறகும், ரீஸ்டார்ட் செய்த பிறகும் ஒரு ஜன்னல் தானாக எழுந்து வந்து ஸ்கேன் செய்கிறதா? அப்படியானால் உள்ளே ஆள் இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும்.

முதல் வேலை, நெட்டைத் துண்டிப்பது. வைஃபை என்றால் அதை ஆஃப் செய்யுங்கள். திரையை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயர் பிறகு உதவும். பிறகு கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸைத் திறந்து ‘இன்ஸ்டால்டு ஆன்’ என்ற தலைப்பை ஒரு தடவை தட்டுங்கள். தேதி வாரியாக அடுக்கும். தொல்லை தொடங்கிய நாளில் என்னென்ன வந்திறங்கியது என்று வரிசையாகத் தெரியும். திருடன் தனியாக வருவது குறைவு. ஒரு இலவச கன்வெர்ட்டரையோ வீடியோ பிளேயரையோ இன்ஸ்டால் செய்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருப்பான். அந்தத் தேதியில் வந்த, உங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ‘போகிறீர்களா, பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று கெஞ்சும், ‘நீக்கினால் ஆபத்து’ என்று மிரட்டும். இரண்டுக்கும் நெக்ஸ்ட்தான் பதில். பட்டனை மட்டும் நன்றாகப் படித்துவிட்டு அழுத்துங்கள். சிலது ‘நீக்கு’ என்பதைச் சாம்பல் நிறத்தில் மறைத்துவிட்டு ‘வைத்துக்கொள்’ என்பதைப் பச்சையில் பெரிதாகப் போட்டிருக்கும்.

பட்டியலில் அதன் பெயரே இல்லையா? டாஸ்க் மேனேஜரில் சந்தேகப்படுகிற பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். அசல் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸில் தன் கம்பெனி பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு உட்கார்ந்திருக்கும். டுபாக்கூருக்குப் பிடித்த இடம் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கிற ஆப்டேட்டா, இல்லாவிட்டால் புரோகிராம்டேட்டா. பெயரும் கீபோர்டில் பூனை நடந்த மாதிரி எழுத்துக் குவியலாக இருக்கும். ஆப்டேட்டாவிலோ புரோகிராம்டேட்டாவிலோ இருப்பதெல்லாம் திருடன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நல்ல மென்பொருள்கள் சிலவும் அங்கே இருக்கின்றன. அந்த ஃபைலின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ் போனால் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு டேப் இருக்கிறதா பாருங்கள். பெரிய கம்பெனிகளின் ஃபைல்களில் அவர்கள் பெயரோடு அந்தக் கையெழுத்து இருக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் அந்த ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து, திறக்காமல், வேறு மெஷினிலிருந்து வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் தங்கள் கருத்தைச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் பதற வேண்டாம், முப்பது காட்டினால் யோசிக்க வேண்டாம். ஏற்றிய ஃபைலை மற்றவர்களும் பார்க்க முடியும் என்பதால் சொந்த ஆவணம் எதையும் அங்கே போட்டுவிடாதீர்கள்.

சில நேரம் டாஸ்க் மேனேஜரையே திறக்க விடாது. 2011 வாக்கில் ஒரு டிடிபி சென்டரில் இப்படி மாட்டினேன். எந்த புரோகிராமைத் தட்டினாலும் ‘இதில் வைரஸ்’ என்று சொல்லி மூடியது. நோட்பேடைத் திறந்தாலும் வைரஸ், கால்குலேட்டரைத் திறந்தாலும் வைரஸ். எக்ஸி ஃபைல், அதாவது புரோகிராமை ஓட்டுகிற ஃபைல், எது திறந்தாலும் முதலில் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்று, விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் மாற்றி வைத்திருந்தது. மறுநாள் காலை ஒரு கல்யாணப் பத்திரிகை டெலிவரி. ராத்திரி ஒரு மணிக்கு, வைரஸ் ஸ்கேனரின் ஃபைல் பெயரை எக்ஸ்ப்ளோரர் என்று மாற்றி ஓட்டியதும் விட்டுவிட்டது. எக்ஸ்ப்ளோரரையும் தடுத்தால் திரையே நின்றுவிடும் அல்லவா, அதனால் அந்தப் பெயரை அது தொடவில்லை. இப்போதும் ஸ்கேனர் திறக்க மறுத்தால் பெயரை மாற்றிப் பார்க்கிற பழக்கம் என்னிடம் இருக்கிறது.

ஆனால் எளிய வழி சேஃப் மோடுதான். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட். வருகிற பட்டியலில் 4 என்றால் வெறும் சேஃப் மோடு, 5 என்றால் நெட்டோடு. புது லேப்டாப்களில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி ரிக்கவரி கீ கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது சேமிப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் பார்த்துவிட்டு இறங்குங்கள். நாலு இலக்க பின்னை மட்டும் நம்பாமல் பாஸ்வேர்டையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்குத் தேவையானதை மட்டும் ஏற்றும் என்பதால் டுபாக்கூர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். இப்போது அதை அன்இன்ஸ்டால் செய்து, மிச்சமிருக்கிற ஃபோல்டரையும் அழித்துவிடலாம்.

அடுத்தது ஸ்கேன். மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு, அவர்களுடைய ஆட்வ்கிளீனர், மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர். என் மேசையில் இந்த மூன்றுதான். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய பத்து நாளில் காலாவதியாகும், அதனால் பழையதைப் பென் டிரைவில் வைத்திருந்து பயனில்லை. எதை இறக்கினாலும் நல்ல மெஷினில், அந்தந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கூகுளில் தேடி மேலே விளம்பரமாக வருவதைத் தட்டாதீர்கள். டுபாக்கூரின் பெயரைப் போட்டு ‘நீக்குவது எப்படி’ என்று தேடினாலும் இதே வம்புதான். வருகிற பக்கங்களில் பல, இன்னொரு ‘நீக்கும் மென்பொருளை’ விற்பதற்காகவே எழுதியவை. ஸ்கேன் இலவசம், நீக்கக் காசு. பேயை ஓட்ட வந்தவனே இன்னொரு பேயைக் கட்டிவிட்டுப் போகிற கதை.

கடைசியாக டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதில் கடைசியாக இருக்கும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். ஏறக்குறைய பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வரலாம், நடுவில் ஆஃப் செய்துவிடாதீர்கள்.

திருடன் போன பிறகு திறந்து போட்ட கதவுகள்

இந்தப் பகுதியை நான் சொந்த அவமானத்தில் கற்றுக்கொண்டேன். ஒரு மெஷினைச் சுத்தம் செய்து, வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். “அண்ணே, வைரஸ் போயிருச்சு, கூடவே நெட்டும் போயிருச்சு.” டுபாக்கூர் தன் காலத்தில், நெட் எந்த இடைவழியாகப் போக வேண்டும் என்று சொல்கிற பிராக்ஸி செட்டிங்கை 127.0.0.1 என்று, அதாவது அந்த மெஷினையே சுட்டும்படி, மாற்றி வைத்திருந்தது. எல்லா இணையப் போக்குவரத்தும் தன் வழியாக ஓட வேண்டும் என்பதற்காக. அதை நீக்கியதும் நெட்டுக்கு வழியில்லாமல் போய்விட்டது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிராக்ஸி என்று போய், யூஸ் எ பிராக்ஸி சர்வர் ஆஃப் ஆக இருக்கிறதா பாருங்கள். ஆபீஸ் மெஷினாக இருந்து கம்பெனியே பிராக்ஸி வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

அதேபோல் சிஸ்டம்32க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற ஃபோல்டரில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு ஃபைல் உண்டு, எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்வது. நோட்பேடில் திறந்தால், சாதாரணமாக எல்லா வரியும் ஹேஷ் குறியோடு தொடங்கும். ஹேஷ் இல்லாமல், ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் முகவரிகளை வரிசையாக எழுதி வைத்திருந்தால் அது டுபாக்கூரின் கைவரிசை, அவற்றின் தளத்துக்கு நீங்கள் போகாமல் தடுப்பதற்காக.

இன்னொன்றை நிறையப் பேர் பார்ப்பதில்லை. டிஃபெண்டருக்குள் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, இந்த இடங்களை மட்டும் தேடாதே என்று சொல்வதற்கு. சில வில்லங்கங்கள் தன் ஃபோல்டரையே அங்கே சேர்த்துவிடும், சிலது சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிடும். அப்புறம் டிஃபெண்டர் பச்சை டிக்கோடு சும்மா உட்கார்ந்திருக்கும். இதைத் திருடன்தான் சேர்த்திருக்க வேண்டும் என்றில்லை. க்ராக், அதாவது காசு கட்டாமல் மென்பொருளை ஓட்ட வைக்கிற திருட்டு வேலை, போட்டுக் கொடுக்கிற ஆள் ‘டிஃபெண்டரை ஆஃப் பண்ணுங்க’ என்று சொல்லிச் சேர்த்ததாகவும் இருக்கும். எங்கள் ஊரில் டிசைன் மெஷின்களில் க்ராக் புழங்குவது ஊரறிந்த ரகசியம். எங்கள் சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு, மறைக்கவில்லை. ஒரு காலத்தில் நானும் போட்டுக் கொடுத்தவன்தான். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு இன்ஸ்டால் செய்கிற ஃபைலோடு என்ன வரும் என்பதை நாலைந்து மெஷின்களைச் சுத்தம் செய்த பிறகு புரிந்துகொண்டு நிறுத்தினேன்.

திரும்பத் திரும்ப முளைத்து வருகிறது என்றால், குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டுகிற டாஸ்க் ஷெட்யூலரில் அதன் வேர் இருக்கலாம். அதற்கு ஆட்டோரன்ஸ் என்கிற கருவி. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. கம்ப்யூட்டர் எழும்போது தானாக ஓடுகிற எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிக் காட்டும். முதலில் மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைக்கச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தலை சுற்றும். மிச்சத்தில் இளஞ்சிவப்பு வரிகள் யார் செய்தது என்ற அத்தாட்சி இல்லாதவை. மஞ்சள் வரிகள், ஃபைல் போய்விட்டது, கூப்பிடும் வரி மட்டும் மிச்சம் என்று அர்த்தம். சந்தேகப்பட்டதை அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தப்பாகக் கை வைத்திருந்தால் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மறுமுனையில் ஆள் இருந்தால்

இதுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குவது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். முழுத்திரைப் பக்கம் வந்திருக்கிறது, அதில் ஒரு நம்பர். கூப்பிட்டார். நல்ல ஆங்கிலத்தில் ஒருவன் பேசி, ரிமோட்டில் பார்க்கிற மென்பொருளைப் போடச் சொல்லியிருக்கிறான். உள்ளே வந்து, விண்டோஸ் தனக்குள் நடப்பதைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக இருந்த வரிகளைக் காட்டி, “சார், எல்லாம் ஹேக்கர் வந்துபோன தடம்” என்றானாம். நல்ல ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் ஈவென்ட் வியூவரில் சிவப்பு வரி இருக்கும், இப்போது உங்களுடையதில் திறந்தாலும் பார்க்கலாம். பிறகு 888 என்று தொடங்குகிற ஒரு நீளமான எண்ணைக் காட்டி, இது உங்கள் லைசென்ஸ் எண், உங்களுக்கு மட்டுமே உரியது, அதனால் நான் மைக்ரோசாஃப்ட் ஆள்தான் என்று நிரூபித்திருக்கிறான். அந்த எண் எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான். வாத்தியார் 14,999 ரூபாய் கட்டிவிட்டார். மறுநாள்தான் என்னிடம் சொன்னார், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. பணம் திரும்பவில்லை.

மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. இதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம்பர் இருந்தால் பொய், அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். இந்தக் கால் சென்டர்களில் பல நம் நாட்டிலேயே ஓடுகின்றன. 2023 அக்டோபரில் சிபிஐ ஆபரேஷன் சக்ரா-2 என்று பல ஊர்களில் சோதனை போட்டதில் ஒரு பகுதி மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் மேல்தான்.

ஆளை உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் வரிசை இதுதான். முதலில் நெட்டைப் பிடுங்குங்கள். அதே நிமிடம், வேறு போனிலிருந்து, வங்கியைக் கூப்பிட்டுக் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். நம்பரைக் கார்டின் பின்புறத்தில் பாருங்கள், கூகுளில் தேடாதீர்கள். அடுத்து 1930. அது மத்திய அரசின் சைபர் மோசடி உதவி எண். பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்போது எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு நடுவழியில் நிறுத்த வாய்ப்பு. வாத்தியார் ஒரு ராத்திரியை வெட்கத்தில் கழித்துவிட்டார். ஈமெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுவதும் வேறு சாதனத்திலிருந்துதான். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டால் ஓடிபி இல்லாமலேயே அடுத்த வருடமும் எடுப்பான். வங்கி ஆப்பில் இன்டர்நேஷனல் உபயோகத்தை ஆஃப் செய்து வையுங்கள்.

இந்த ஒரு வகைக்கு மட்டும் நான் யோசிக்காமல் ஃபார்மட் சொல்வேன். ஒருவன் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து என்ன வைத்துவிட்டுப் போனான் என்று ஸ்கேனரை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. நீக்கியதைத் தவிர இன்னொரு ரிமோட் மென்பொருளையும் வேறு பெயரில் வைத்துவிட்டுப் போவது உண்டு. படம், டாகுமெண்ட், டிசைன் ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸி எதையும் எடுக்காதீர்கள்.

நடுவில் நிற்கிற ஒரு கூட்டம்

பதிவு பெற்ற கம்பெனி, அன்இன்ஸ்டால் செய்தால் மரியாதையாகப் போய்விடும், ஆனாலும் ‘1,284 பிரச்சினைகள்’ என்று மிரட்டும். கிளீனர், பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் வகையறாக்கள். தளங்கள் பிரவுசரில் விட்டுப்போகிற குக்கீ என்ற குட்டிக் குறிப்பு ஒவ்வொன்றையும் ஒரு ‘பிரச்சினை’ என்று எண்ணினால் ஆயிரம் வரத்தானே செய்யும். டிஃபெண்டரில் ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடக்‌ஷன் என்ற இடத்தில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது, ஆன் செய்து வையுங்கள்.

எங்களைப் போன்ற கடைக்காரர்களையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடர், வாடிக்கையாளரின் மெஷினை இலவசமாகச் சோதிக்கிறேன் என்று ஒரு மென்பொருளை ஓட்டியது. ஓட்டும் முன் நாலு கேள்வி: மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நிற்கிறதா என்கிற மாதிரி. ஒன்றுக்காவது ஆமாம் என்று டிக் அடித்தால் போதும், ஸ்கேனில் என்ன வந்தாலும் ‘மால்வேர் அறிகுறி’ என்று முடிவு வரும். மெதுவாக இருப்பதால்தானே கடைக்கே கொண்டுபோகிறோம்! 2019இல் அவர்களும் மென்பொருள் கொடுத்த கம்பெனியும் சேர்ந்து மூன்றரைக் கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். ஆகவே கடையில் யாராவது வைரஸ் என்றால், பெயர் என்ன, எந்த ஃபோல்டரில் இருந்தது, காட்டுங்கள் என்று கேளுங்கள். நேர்மையான ஆள் திரையைத் திருப்பிக் காட்டுவான்.

மார்கழியில் அண்ணாச்சி திரும்ப வந்தார், இந்த முறை மனைவியின் போனோடு. ‘பேட்டரியில் வைரஸ்’. அதற்கும் பாதி கதை குரோம் நோட்டிஃபிகேஷன்தான், மிச்சம் ஒரு ‘வைரஸ் கிளீனர்’ ஆப். ஆப் ஸ்டோரில் கிடைப்பதால் நல்லது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். 2014இல் கூகுள் பிளேயில் வைரஸ் ஷீல்டு என்று ஒரு ஆப் 3.99 டாலருக்கு விற்று, புதிதாக வந்த கட்டண ஆப்களில் முதலிடத்துக்கே வந்தது. தட்டினால் பெருக்கல் குறி டிக்காக மாறும், அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. பிறகு கூகுள் அதைத் தூக்கியது.

அந்த அம்மாவின் போனில் ஆப்பை நீக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம், அது டிவைஸ் அட்மின் அனுமதி வாங்கி வைத்திருந்தது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அட்மின் என்று தட்டி, அந்தப் பட்டியலில் அதன் டிக்கை எடுத்த பிறகு சாதாரணமாக அன்இன்ஸ்டால் ஆனது. எடுக்க விடாமல் மூடிக்கொண்டே இருந்தால், பவர் ஆஃப் என்று வருகிற இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் சேஃப் மோடு கேட்கும். அதில் போய் எடுங்கள். அண்ணாச்சி இந்தத் தடவை ஃபார்மட் பற்றிக் கேட்கவில்லை. நான் போனைக் கையில் வாங்கும்போதே, “நோட்டிஃபிகேஷனைப் பாருப்பா மொதல்ல” என்றார்.